ஃபயர் லைன்ல வெட்டுன புல்லை அள்ளாம விட்ட வருஷம்

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை. மத்தியானம் ஒன்னே முக்கால் இருக்கும். வத்தலக்குண்டுல கடைய சாத்திட்டு சாப்பிடப் போலாம்னு ஷட்டர்ல கை வெச்சேன், மலையில இருந்து பெரியப்பா போன். சும்மா போன் பண்ற ஆள் கிடையாது அவரு, தீபாவளி பொங்கலுக்கே நாமதான் கூப்பிடணும். "தம்பி, கீழ ஓடைப் பக்கம் பொகை ஏறுது. மொதல்ல வெள்ளையாத்தான் இருந்துச்சு, இப்ப கருப்படிச்சுருச்சு. நீ வந்துரு"ன்னாரு. அவ்ளோதான், வெச்சுட்டாரு. திருப்பிக் கூப்பிட்டா டவர் இல்ல.

எங்க தோட்டம் தாண்டிக்குடிக்குப் போற வழியில, பெரும்பாறை தாண்டி உள்ள இருக்கு. 3 ஏக்கர், அப்பா காலத்துல வாங்குனது. சில்வர் ஓக் நிழல்ல காபி, மரத்துல ஏத்தி விட்ட மிளகு, நடுவுல கொஞ்சம் ஆரஞ்சு, மேல மேட்டுல மலைவாழை. கீழ் பழனி மலையில பாதிப்பேரு தோட்டம் இப்படித்தான் இருக்கும். எங்க தோட்டத்துக்கு ஒரு கஷ்டம் என்னன்னா சரிவு தென்மேற்கப் பாத்து இருக்கு, மத்தியானத்துக்கு மேல வெயில் பூரா நேரா வந்து விழும், அதனால பக்கத்து சரிவு பச்சையா இருக்கும்போதே எங்களது காய ஆரம்பிச்சுரும். தோட்டத்துக்குக் கீழ ஒரு புல்லுச் சரிவு, ஆள் உயரத்துக்கு எலுமிச்சை வாசம் அடிக்கிற புல்லு, அதுக்குக் கீழ ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு. இதெல்லாம் எனக்கு சின்ன வயசுல இருந்தே தெரியும், ஆனா தீ எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு ஒரு நாள் கூட உக்காந்து யோசிச்சது இல்ல.

அந்த வருஷம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லாம தீயப் பத்தி மட்டும் சொன்னா புரியாது. 2023 ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சது அது. 1901-ல இருந்து கணக்கு வெச்சதுல இந்தியாவுக்கே ரொம்ப வறண்ட ஆகஸ்ட் அதுதான், பசிபிக் கடல் சூடாகி நம்ம பக்கம் மழை கொறையற எல் நினோ வருஷம். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு மழை பேஞ்சுச்சு, சரி பரவால்லன்னு நெனச்சோம், அதுக்கப்புறம் ஒரு சொட்டு கிடையாது. காபிக்கு மார்ச் கடைசி, ஏப்ரல்ல ஒரு பூ மழை வரணும், அது வந்தாத்தான் மொட்டு விரியும். வரல. மொட்டு கறுத்துப் போயி தொட்டா உதிருது. காபி இலை எல்லாம் மத்தியானத்துல நாய் காது மாதிரி தொங்கும், மொதல்ல ராத்திரில நிமிந்துரும், ஏப்ரல்ல நிமிரவே இல்ல. பாறைக்கு அடியில ஒரு ஊத்து இருக்கு, பெரியப்பாவுக்கு 71 வயசு, அவரு பாக்க வத்துனதே இல்லையாம், அது மார்ச்ல நின்னு போச்சு. காட்டுமாடு பட்டப்பகல்ல தோட்டத்துத் தொட்டிக்கு வந்து தண்ணி குடிச்சுட்டுப் போகும். எங்க தீ புடிச்சதுக்கு மறுநாள் ஊட்டியில 29 டிகிரி, அங்க அதுவரைக்கும் பதிவே ஆகாத வெயில். கீழ ஈரோட்டுல எல்லாம் 43 டிகிரி தொட்டுச்சு. அதே சமயம் மேல கொடைக்கானல்ல பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு எரிஞ்சுட்டு இருந்துச்சு, டூரிஸ்ட் போற ரோட்டையே அடைச்சு வெச்சிருந்தாங்க. ஒரு மாசம் முன்னாடி குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பக்கம் நாள்கணக்கா எரிஞ்சு விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணி கொட்டுச்சு. இதெல்லாம் போன்ல பாத்துட்டு அய்யோ பாவம்னு தள்ளி விட்டவன்தான் நானும். அடுத்தது நம்ம வீட்டுப் பக்கமா இருக்கும்னு தோணவே இல்ல.

ஃபயர் லைன், அதாவது தீ தாண்டி வராம இருக்க எல்லைல புல்லு இல்லாம விடுற பட்டை, இருந்துச்சு எங்களுக்கு. அதச் சொன்னாத்தான் வயிறு எரியுது. பொங்கல் முடிஞ்ச கையோட 4 ஆள் விட்டு, கீழ் எல்லை பூரா 4 அடி அகலத்துக்கு புல்லு வெட்டுனோம். வெட்டுன புல்லை அள்ளி வெளிய போடல. கூலி ஒரு நாள் கூட ஆகும்னு, லைன் மேலயே பரப்பி விட்டுட்டு வந்துட்டோம், காஞ்சா தானா மக்கிரும்னு. மழை இருந்தாத்தான மக்கும்? ஏப்ரல் வரைக்கும் அது காஞ்சு சருகா அப்படியே கெடந்துச்சு. அந்தப் பொங்கல் மழை விட்டுட்டுப் போன ஈரத்துல வேர்ல இருந்து மறுபடி துளிர்த்த புல்லும் முழங்கால் உயரம் வளந்து அதுவும் காஞ்சு நின்னுச்சு. மேல சில்வர் ஓக் இலை வேற, வறட்சின்னா அந்த மரம் இலையக் கொட்டிக்கிட்டே இருக்கும், காத்துல வந்து லைன் மேல விழுந்து கெடக்கு. அதாவது நாங்க தீயத் தடுக்க கோடு போடல, தீ நடந்து வர்றதுக்கு பாய் விரிச்சு வெச்சிருந்தோம்.

நான் மேல போய்ச் சேர மூணே கால் ஆயிருச்சு. சித்தரேவு தாண்டி மலை ஏறும்போதே தெரிஞ்சுது, வானத்துல ஒரு பக்கம் மஞ்சக் கலர். தோட்டத்து வாசல்ல எங்க மச்சானும் பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களுமா ஒரு பத்துப் பன்னெண்டு பேர், ஈரச் சாக்கு, பச்சைக் கொப்பு, மம்முட்டி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. தீயப் பாக்குறதுக்கு முன்னாடி அதோட சத்தம் கேட்டுச்சு. பொரிகடலை வறுக்குற சத்தம்தான், ஆனா மலை பூரா ஒரே நேரத்துல வறுத்தா எப்படி இருக்கும், அப்படி. நடுநடுவுல மூங்கில் கணு வெடிக்கிற சத்தம், வெடி போட்ட மாதிரி டமார் டமார்னு. அந்த புல்லுச் சரிவுல கீழ இருந்து மேல எங்க எல்லை வரைக்கும் நாங்க ஏறணும்னா மூச்சு வாங்கி இருபது நிமிஷம் ஆகும். அத ஏறி வர தீக்கு மூணு நிமிஷம் கூட ஆகல. என் கண்ணால பாத்தேன்.

இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும், தீக்கு ஏத்தம்தான் எறக்கம். நாம மேல ஏறுனா மெதுவாவோம், அது மேல ஏறுனா வேகமாகும். தீயோட நாக்கு மேல இருக்கற புல்லப் போய்த் தொடுறதுக்கு முன்னாடியே அதோட சூடு அந்தப் புல்லை வறுத்து தயாரா வெச்சுரும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ரெண்டு மடங்காகும்னு தீயணைப்பு ஆளுங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. பகல்ல மலைல காத்தும் கீழ இருந்து மேலதான் அடிக்கும், வெயில்ல சூடான காத்து மேல ஏறும். சாயங்காலம் பொழுது எறங்குனதும் அது திரும்பும். நான் இதெல்லாம் அப்புறமா கத்துக்கிட்டதுதான். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னு, அப்பா வெச்ச ஆரஞ்சு மரம் கீழ் வரிசையில நிக்குது.

மருந்தடிக்கிற 16 லிட்டர் டேங்க்ல தண்ணி ரொப்பி முதுகுல மாட்டிக்கிட்டு நேரா கீழ எறங்குனேன், தீக்கு எதுக்க. கால்ல செருப்பு. போட்டிருந்தது கடைக்குப் போடுற பாலியஸ்டர் டீ ஷர்ட். மூஞ்சில ஈரத்துண்டு கட்டியிருந்தேன், அது போதும்னு ஒரு தைரியம். கீழ் வரிசைக்கு இன்னும் ஒரு முப்பது அடி இருக்கும்போது பின்னாடி இருந்து யாரோ டேங்கோட பெல்ட்டப் புடிச்சு இழுத்தாங்க, மல்லாக்க விழுந்தேன். பளியர்னு மலைவாசி மக்களோட குடியிருப்புல இருந்து வந்த ஒரு ஃபாரஸ்ட் வாட்சர், வயசு அம்பது இருக்கும். "தம்பி, தீக்கு மேல நிக்காத. மேல நிக்கிறவன் செத்தான். வா சைடுக்கு"ன்னு இழுத்துட்டே போயி பக்கவாட்டுல இருந்த பாறைக்குக் கொண்டு போனாரு. நாங்க பாறைக்குப் போறதுக்கும் நான் நின்ன எடத்துல நெருப்பு வர்றதுக்கும் நேரம் சரியா இருந்துச்சு. கையில முடி பொசுங்குன நாத்தம், டீ ஷர்ட்டுல தீப்பொறி விழுந்த எடமெல்லாம் ஓட்டையாகி ஓரம் உருகி தோல்ல ஒட்டிருச்சு. இப்பவும் தோள்ல நாலு தழும்பு இருக்கு. பருத்தியா இருந்திருந்தா கருகி உதிர்ந்திருக்கும், இது உருகி ஒட்டிக்கிச்சு.

அந்தப் பாறையில உக்காந்திருக்கும்போது குரங்கணிதான் ஞாபகம் வந்துச்சு. 2018 மார்ச் 11, கொழுக்குமலைல இருந்து குரங்கணிக்கு எறங்குன ட்ரெக்கிங் கூட்டத்தச் சுத்தி தீ வளைச்சு 23 பேர் போனாங்க. அந்த வருஷம் டிவில பாத்துட்டு ஏன் ஓடலன்னு ஈஸியா கேட்டிருக்கேன். எங்கிட்டு ஓடுறது? பொகைக்குள்ள ரெண்டடி தெரியாது, மேல ஓடுனா தீ நம்மளவிட வேகம், கீழ ஓடுனா தீக்குள்ள, பக்கத்துல பள்ளம் இருக்கா பாறை இருக்கான்னு தெரியாது. நான் எங்க சொந்த தோட்டத்துல, சின்ன வயசுல ஓடி விளையாண்ட எடத்துல, திசை தெரியாம நின்னேன். அந்தப் புள்ளைங்களுக்கு அது புது எடம். இப்ப யாரு மலைக்குப் போறேன்னு சொன்னாலும் நான் இத சொல்றேன்: பிப்ரவரி கடைசில இருந்து நல்ல மழை விழுற வரைக்கும் புல்லுச் சரிவுல ட்ரெக்கிங் வேண்டாம், அனுமதி இல்லாத பாதையில எந்த மாசமும் வேண்டாம். மாட்டிக்கிட்டா மேல ஓடாதீங்க. தீயோட மூக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து குறுக்கால போங்க, பாறை, ஓடைப் படுகை, ரோடு, இல்லாட்டி ஏற்கனவே எரிஞ்சு கருப்பாகிப் போன எடம். எரிஞ்ச எடத்துல திரும்ப எரியறதுக்கு ஒன்னும் இருக்காது. ஈரத்துண்டு சாம்பலத்தான் கொஞ்சம் தடுக்கும், பொகைல இருக்கற விஷக்காத்தைத் தடுக்காது, அத நம்பி யாரும் உள்ள போகாதீங்க. எனக்கு மறுநாள் பூரா தலை வலி, வாந்தி.

அன்னைக்கு எங்க தோட்டத்துல பாதியக் காப்பாத்துனது மேல போற மண் ரோடு. தீ காபிக்குள்ள நொழஞ்சதும் கொஞ்சம் வேகம் கொறஞ்சுச்சு, நிழலு, மண்ணு மேல பரப்பி விட்ட சருகு மூடாக்குக்கு அடியில கொஞ்சம் ஈரம் இருந்துச்சு. அந்த நேரத்துல ஃபாரஸ்ட் ஆளுங்க இன்னும் ஆறு பேர் வந்தாங்க. வாட்சரும் அவங்களும் பேசி, ரோட்டோட கீழ் ஓரத்துல சருகு எல்லாம் வழிச்சுத் தள்ளி, எதிர்த்தீ வெச்சாங்க. அதாவது வர்ற தீக்கு எதுக்க நம்மளே ஒரு தீ வெச்சு நடுவுல இருக்கறத எரிச்சுத் தீத்துர்றது. பாக்க சாதாரணமாத் தெரியும், நானே அடுத்த தடவை செஞ்சுரலாம்னு கூட தோணும். தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. காத்து எப்ப உள்ள இழுக்கும்னு அவங்க பாத்துக்கிட்டே நின்னாங்க, கையில மண்ணள்ளி தூவிப் பாக்குறாங்க, நாலு தடவை "இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்"னு நிறுத்துனாங்க, அஞ்சாவது தடவைதான் வெச்சாங்க. அது இருபது முப்பது வருஷப் பழக்கம். தப்பா வெச்சா ரெண்டு தீ ஆயிரும், நடுவுல மாட்டுற ஆள் நாமளா இருப்போம்.

ராத்திரி ஒம்போது மணிக்கு மேல அடங்குச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்னு எந்திரிச்சோம், வாட்சர் மட்டும் நகரல. "இப்ப தூங்குது, அவ்வளவுதான். விடியக்காலம் நாலு மணிக்கு வாங்க, அப்பதான் வேலை"ன்னாரு. ஏன்னு கேட்டேன். காஞ்ச புல்லும் சருகும் காத்துல இருக்கற ஈரத்த ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல உறிஞ்சிக்கும், ராத்திரி பனி எறங்கி விடியக்காலம் நமுத்துப் போயிருக்கும், தீ படுத்திருக்கும், அப்ப அடிச்சாத்தான் அடங்கும். வெயில் ஏறி பத்து மணி ஆச்சுன்னா அதே சருகு திரும்ப அப்பளமாயிரும். ஆனா பெரிய கட்டை, அடிமரம் அப்படி இல்ல, அது மாசக்கணக்கா காஞ்சது, ஒரு ராத்திரி பனிக்கெல்லாம் அசையாது, உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும். அவரு சொன்னது அப்படியே நடந்துச்சு. விடியக்காலம் மம்முட்டியும் தண்ணியுமா போயி ஒவ்வொரு கட்டையாக் கெளறி அணைச்சோம். அணைஞ்சுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா, புறங்கைய கிட்டக் கொண்டு போயி பாக்கணும், உள்ளங்கை காச்சுப் போயிருக்கும், சூடு தெரியாது. மண்ணுக்கு அடியில வேர் வழியா தீ போகும், அத நான் நம்பல. மூணாம் நாள், செவ்வாக்கெழமை அது, மத்தியானம், அணைஞ்சு போச்சுன்னு நாங்க முடிவு பண்ணின ஒரு பழைய பலா வேர் பத்தடி தள்ளி வெளிய வந்து கொழுந்துவிட்டு எரிஞ்சுச்சு. பெரியப்பா அங்கயே கட்டில் போட்டுப் படுத்திருந்ததால தப்பிச்சோம். அதனால தீ அணைஞ்ச எடத்துல குறைஞ்சது மூணு நாலு நாள் ஒரு ஆள் இருக்கணும், ரெண்டு டிரம் தண்ணியோட.

எப்படி புடிச்சுதுன்னு எல்லாரும் கேட்டாங்க. மொத நாள் மூங்கில் உரசி புடிச்சிருக்கும்னு பேசிக்கிட்டாங்க, நம்ம ஊர்ல யாரையும் மனசு நோகாம பேசணும்னா மூங்கில் மேல பழியப் போட்டுருவோம். நம்ம நாட்டுல காட்டுத்தீ அனேகமா எல்லாமே மனுஷன் கைல இருந்து வர்றதுதான்னு வனத்துறை திரும்பத் திரும்ப சொல்றாங்க. எங்களோடதும் அதுதான். ஓடைக்கிட்ட ஒரு பட்டா எடத்துல முள்ளையும் உண்ணிச்செடியையும் வெட்டி குமிச்சு, காலைல பத்து மணிக்கு தீ வெச்சுட்டு, அணைஞ்சுருச்சுன்னு டீ குடிக்கப் போயிருக்காங்க. அவங்க கெட்டவங்க இல்ல. போன வருஷமும் அப்படித்தான் எரிச்சாங்க, ஒன்னும் ஆகல, அதுக்கு முந்தின வருஷம் நாங்களும் எரிச்சோம், ஒன்னும் ஆகல. வித்தியாசம் தீக்குச்சில இல்ல, அந்த வருஷத்துல இருந்துச்சு. வெயிலோ வறட்சியோ தானா தீ வைக்காது. ஆனா சாதாரண வருஷத்துல அணைஞ்சு போற ஒரு பீடித் துண்டு, வறட்சி வருஷத்துல ஒரு மலைய எரிச்சுரும். வெளிநாட்டுல தீயணைப்பு ஆளுங்க சொல்ற ஒரு கணக்கு இருக்கு, வெயில் 30 டிகிரிக்கு மேல, காத்துல ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழ, காத்து வேகம் 30 கிலோமீட்டருக்கு மேல, மூணும் சேர்ந்தா ஆபத்து. இப்ப போன்லயே இந்த மூணும் காட்டுது. அந்த மூணுல ரெண்டு இருந்தாலே எங்க பக்கம் யாரும் குப்பை கூட எரிக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். மலைக்குத் தீ வெச்சா மழை வரும்னு சொல்ற பழக்கம், புதுப் புல்லு வரும்னு மேய்ச்சலுக்கு வெக்கிற பழக்கம், இதெல்லாம் உள்ளவங்ககிட்ட சண்டை போட்டா கேக்க மாட்டாங்க, அவங்கள கூட்டிட்டு வந்து எரிஞ்ச காபிய காட்டுனேன், ரெண்டு பேர் கேட்டாங்க.

ஒன்றரை ஏக்கர் போச்சு. ஆரஞ்சுல 40 மரத்துல 31 செத்துச்சு, ஆரஞ்சுக்குப் பட்டை மெல்லிசு, தாங்காது. மிளகுக் கொடி கீழ் பகுதில ஒன்னு விடாம கருகிருச்சு. தேன் பெட்டி 6, அதப் பத்தி எழுத முடியல. ஓடைக்கரைல ஒரு உடும்பும் நாலஞ்சு ஆமையும் கெடந்துச்சு. காட்டுக்கோழி முட்டை வெக்கிற சமயம் வேற.

சரி, இப்ப என்ன செய்யறோம்னு சொல்றேன், தோட்டம் வெச்சிருக்கவங்களுக்கு உதவும். ஃபயர் லைன இப்ப 12 அடி ஆக்கிட்டோம், கீழ் எல்லைல புல்லு உயரமா இருக்கற எடத்துல 15. புல்லு உயரத்துக்கு ரெண்டு மூணு மடங்காவது லைன் அகலம் இருக்கணும், இல்லன்னா தீ சாஞ்சு தாண்டிரும். வெட்டுறது பாதி வேலைதான், வெட்டுனத அள்ளி உள்பக்கம் கொண்டாந்து, மண்ணு தெரியற வரைக்கும் வழிக்கணும். தை கடைசில ஒரு தடவை, மாசில ஒரு தடவை, பங்குனில ஒரு தடவை. மொத தடவை மட்டும்தான் கூலி ஆள், அதுக்கப்புறம் சருகு தள்ளுறதுக்கு இலை ஊதுற ப்ளோயர் மிஷின் ஒன்னு நாலு தோட்டத்துக்காரங்க சேந்து 11,000 ரூபாய்க்கு வாங்கி வெச்சிருக்கோம். ஃபாரஸ்ட்லயும் இப்ப அததான் லைன் சுத்தம் பண்ண வெச்சிருக்காங்க. முன்னாடி 4 ஆள் ரெண்டு நாள் கூட்டுனத நான் ஒருத்தனே காலைல ரெண்டரை மணி நேரத்துல ஊதிர்றேன். தீ வந்தப்பறம் அடிக்கிற ஆயிரம் சாக்கு அடிய விட தை மாசத்துல வழிக்கிற ஒரு அடி மண்ணு பெருசுன்னு வாட்சர் சொல்லுவாரு, அன்னைக்கு ராத்திரி அவரு சொன்னப்ப எனக்கு அழுகை வந்துருச்சு, ஏன்னா ஒரு நாள் கூலிக்கு நான் பாத்த மிச்சம்தான அது.

மூடாக்கு விஷயத்துல எனக்கே பெரிய குழப்பம் இருந்துச்சு. சருகை எரிக்காத, மண்ணுக்கு மூடாக்காப் போடு, ஈரம் நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மை, அந்த ஈரம்தான் எங்க மேல்பாதியக் காப்பாத்துச்சு. ஆனா எல்லை ஓரத்துல அதே மூடாக்கு தீக்கு வெறகு. இப்ப எல்லைல இருந்து 30 அடிக்கு மூடாக்கே கிடையாது, அங்க இருக்கறத வாரி உள்ள கொண்டு போயி குழிக்குள்ள போட்டு சாணித்தண்ணி ஊத்தி மக்க வெக்கிறோம். உள்பக்கம் மூடாக்கு கெட்டியா இருக்கும். நடுவுல மேலருந்து கீழ ஒரு நடைபாதை சுத்தமா விட்டிருக்கோம், தோட்டம் ரெண்டாப் பிரியற மாதிரி, ஒரு பாதி புடிச்சாலும் இன்னொரு பாதிக்கு அடிக்க எடம் கிடைக்கும், நாம வெளிய ஓடவும் வழி கிடைக்கும். கீழ் கிளைய ஆள் உயரத்துக்கு கழிச்சு விட்டாச்சு, புல்லுத்தீ மரத்துல ஏறாம இருக்க. தண்ணி டிரம்ம தோட்டத்துக்கு நடுவுல வெக்காதீங்க, லைன் ஓரத்துல வைங்க, மூடி போட்டு, பக்கத்துலயே சாக்கும் மருந்தடிக்கிற டேங்க்கும். மருந்து அடிச்ச டேங்க்கா இருந்தா நல்லாக் கழுவி வைங்க.

ஒரு பெட்டில ரெண்டு பேருக்கு தடிப் பருத்திச் சட்டை, பேண்ட், லெதர் ஷூ, தொப்பி, கையுறை போட்டு வெச்சிருக்கோம். லுங்கி கட்டிக்கிட்டு யாரும் எறங்கக் கூடாது, அது பெரியப்பா போட்ட சட்டம், அவரே லுங்கிதான் கட்டுவாரு, தீன்னா நீ போ நான் மேல நின்னு பாக்குறேன்னுட்டாரு. ஒருத்தர் மேல ரோட்டுல நின்னு தீ எங்க திரும்புதுன்னு பாத்து கத்தணும், அந்த ஆள் சாக்கத் தொடவே கூடாது. இது இல்லாததாலதான் அன்னைக்கு நான் மாட்டுனேன். அப்புறம் டேராடூன்ல இருக்கற இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியா தீ தெரியற எடத்துக்கு மெசேஜ் அனுப்புறாங்க, வன் அக்னின்னு அவங்க தளத்துல நம்ம நம்பரையும் பகுதியையும் பதிஞ்சு வெச்சா வரும். நான் பதிஞ்சிருக்கேன். ஆனா செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேலயே நிக்காது, ஒரு நாளைக்கு சில தடவைதான் கடந்து போகும், அதனால மெசேஜ் வரலன்னா தீ இல்லன்னு அர்த்தம் இல்ல. பெரியப்பா கண்ணுதான் மொத அலாரம். டவர் இல்லாத எடத்துக்கு மூணு வீட்டுல பித்தளைத் தட்டு தொங்க விட்டிருக்கோம், அடிச்சா ஓடி வரணும்.

தீக்கு அப்புறம் வந்தது இன்னொரு சோதனை. வேண்டி வேண்டிக் கேட்ட மழை மே நடுவுல வந்துச்சு, வந்தது கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. எரிஞ்ச மண்ணு தண்ணிய உள்ள வாங்காது, எனக்கு அது தெரியாது, மேல ஒரு மெழுகு பூசுன மாதிரி ஆயிருது, தண்ணி சாம்பலோட சேந்து கருப்பா வழிஞ்சு ஓடுது. மொத மழைல ஒரு சாண் மேல்மண்ணு ஒரு ஓரத்துல போயிருச்சு. அதுக்கப்புறம்தான் கருகுன கொப்பு, வாழைத்தண்டு எல்லாத்தையும் சரிவுக்கு குறுக்கால வரிசை வரிசையாப் படுக்க வெச்சு முளை அடிச்சோம், மண்ணு அதுல தேங்குச்சு. தீ அணைஞ்ச மறு வாரமே இதச் செஞ்சிருக்கணும். கருகுன மரத்தை எல்லாம் அவசரப்பட்டு வெட்டி வித்துறாதீங்க, வேர் மண்ணப் புடிச்சுக்கிட்டு இருக்கும்.

காபியப் பத்தி சொல்ல விட்டுட்டேன். எல்லாம் கருப்புக் குச்சியா நின்னுச்சு, புடுங்கிட்டு புதுசா வெச்சுரலாம்னு நெனச்சேன். பெரியப்பா ஒவ்வொரு செடியா நகத்துல கீறிப் பாத்தாரு, அடில பச்சை இருந்தா விடுன்னாரு. மழை விழுந்து ஒரு வாரம் கழிச்சு, பச்சை இருந்த செடியெல்லாம் தரைல இருந்து ஒரு அடி விட்டு சாய்வா வெட்டி விட்டோம். ஜூலைல பக்கத்துல இருந்து துளிர் வந்துச்சு, ஒரு அடிக்கட்டைக்கு ஏழு எட்டு துளிர், அதுல நல்லதா ரெண்டு மட்டும் விட்டு மத்தத கிள்ளுனோம். 600 செடில 410 பொழச்சிருக்கு. முழுசா காய்க்க மூணு வருஷம் ஆகும். இப்ப என் இடுப்பு உயரம் இருக்கு. ஆரஞ்சுக்கு பதிலா எல்லை ஓரத்துல கற்றாழை வெச்சிருக்கோம், அப்பா வெச்சதுல மிச்சம் இருக்கற 9 மரத்துல போன மாசம் ரெண்டு பூத்துச்சு.

நாளைக்கு ஞாயித்துக்கெழமை, ரெண்டாவது தடவை லைன் ஊதணும். பெட்ரோல் கேன் வண்டில வெச்சாச்சு, அஞ்சு மணிக்குக் கெளம்புனாத்தான் வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கலாம். ஓடைக்கிட்ட அந்தப் பட்டா எடத்துக்காரங்களும் இந்தத் தடவை மம்முட்டியோட வர்றதா சொல்லியிருக்காங்க.